பீக்கன் தின்றால் கொலஸ்ட்ரால் இறங்குமா?

2024 அக்டோபர் 19 (கேள்வி)

பீக்கன் (வால்நட் குடும்பத்து அமெரிக்கக் கொட்டை) பற்றிக் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது: "பீக்கன் கொட்டை தினமும் ஒரு கைப்பிடி தின்றால் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும், சர்க்கரை கட்டுக்குள் வரும், ஆன்டி ஆக்சிடன்டில் கொட்டைகளிலேயே முதலிடம், 17,940 மதிப்பெண்." மாமனார் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தின்னப்போவதாகச் சொல்கிறார். டெக்சாஸில் இருப்பவர்கள் யாராவது சாப்பிட்டுப் பார்த்ததுண்டா? பாதாமைவிட நல்லதா?

2024 அக்டோபர் 19, இரவு

முதலில் அவர் மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் சான் அன்டோனியோவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வீடு வாங்கியபோது கொல்லையில் இரண்டு பீக்கன் மரம் சேர்ந்தே வந்தது. ஒன்று தானாக முளைத்த நாட்டு மரம், சின்னக் கொட்டை, ஓடு கல் மாதிரி. இன்னொன்று ஒட்டு மரம். சாக்டா ரகம் என்று பழைய வீட்டுக்காரர் சொன்னார். மெல்லிய ஓடு, இரண்டு கொட்டையை உள்ளங்கையில் வைத்து நெருக்கினாலே உடையும். ஆக, காசு கொடுத்து வாங்கித் தின்ற அனுபவம் எனக்கில்லை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று அளவில்லாமல் தின்ற அனுபவம் நிறைய. அதில்தான் கதையே.

2022 டிசம்பரில் என் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 148. மூன்று மாதம் தினம் ஒரு கிண்ணம் பீக்கன். மார்ச்சில் எல்டிஎல் 144, எடை மூன்று கிலோ கூடுதல். இட்லி தோசை எதையும் குறைக்கவில்லை, நாலு மணி மிக்சரையும் விடவில்லை, அதற்கு மேல் இது. பிறகு மிக்சர், முறுக்கை நிறுத்தி அந்த இடத்தில் இருபது பாதிப் பருப்பு மட்டும் வைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் 129.

எனவே என் கட்சி: எதைக் கூட்டுகிறீர்கள் என்பதைவிட எதைக் கழிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

2024 அக்டோபர் 20, காலை

பாதாம் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தூங்கிவிட்டேன்.

28 கிராம் பீக்கன் என்பது ஏறக்குறைய 19 பாதிப் பருப்பு. அதில் 196 கலோரி, கொழுப்பு 20 கிராம், புரதம் வெறும் 2.6 கிராம், நார் 2.7 கிராம். மாவுச்சத்து மொத்தமே 4 கிராம்தான், அதிலும் பெரும்பகுதி நார். சர்க்கரைக்காரர்கள் பயப்படாமல் தின்னக்கூடியது என்பது அதனால்தான்.

புரதத்துக்காகத் தின்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அதே 28 கிராம் பாதாமில் 6 கிராம் புரதம், நம் நிலக்கடலையில் 7. ஒமேகா 3 வேண்டும் என்றால் வால்நட்டில் 2.5 கிராம், பீக்கனில் அதில் ஒன்பதில் ஒரு பங்கு தேறும். வைட்டமின் ஈ என்றால் பாதாம்.

பீக்கனின் பலம் அந்த 20 கிராம் கொழுப்பின் சேர்மானம். 12 கிராம் போல ஆலிவ் எண்ணெயில் இருக்கிற அதே ஒலீயிக் வகை, 6 கிராம் மற்ற நிறைவுறாக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு 2 கிராமுக்கும் கீழே. கூடவே மாங்கனீஸ் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல், தாமிரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், துத்தநாகமும் தயாமினும் கொஞ்சம். மாங்கனீஸ் குறைபாடு என்று நம்மில் யாரும் டாக்டரிடம் போனதில்லை, அதனால் அந்தப் பெருமையை ரொம்பப் பேச வேண்டாம்.

2024 அக்டோபர் 20, மதியம்

"பீக்கனா, பெக்கானா, பிக்கானா" என்று கேட்டவருக்கு: இங்கே டெக்சாஸ்காரர்கள் "பிக்கான்", இரண்டாவது அசையில் அழுத்தம். ஜார்ஜியா பக்கம் "பீக்கேன்" என்பவர்கள் உண்டு. "பீக்கேன் என்பது கட்டிலுக்கு அடியில் வைக்கிற டப்பா" என்று டெக்சாஸ் கிழவர்கள் கேலி செய்வார்கள். ஆங்கிலத்தில் பீ என்றால் சிறுநீர், அதனால் அவர்களுக்கு அது சிறுநீர் ஜோக். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைக் கேட்டதுமே நம்பர் டூ ஜோக் ஆகிவிடுகிறது. என் மகன் ஆறு வயதில் பள்ளி நண்பர்களுக்கு இதை விளக்கப்போய், டீச்சரிடமிருந்து வீட்டுக்குக் குறிப்பு வந்தது.

ஆனாலும் தமிழில் பீக்கன் என்றே எழுதிப் பழகிவிட்டது. அம்மா "பீர்க்கன்" என்கிறாள், வைத்துக்கொள்ளட்டும். மூலச்சொல் அல்கான்கியப் பழங்குடி மொழிகளுடையது, கல்லால் உடைக்க வேண்டிய கொட்டை என்று பொருள் சொல்வார்கள். என் நாட்டு மரத்துக்கு அதுதான் சரியான பெயர்.

2024 அக்டோபர் 26

சனிக்கிழமை. சொந்தக் கதையைத் தவிர வேறு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டவருக்காக உட்கார்ந்து படித்தேன்.

பழையது 2001, கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம். 23 பேர். இதயத்துக்கு நல்லது என்று அப்போது பரிந்துரைத்துக்கொண்டிருந்த கொழுப்பு குறைந்த உணவு நாலு வாரம். அதே உணவில் எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அந்தக் கலோரிக்குப் பீக்கன் வைத்து நாலு வாரம். பீக்கன் உணவில் எல்டிஎல் 10.4 சதவீதம் கூடுதலாக இறங்கியது.

2018, பாஸ்டன் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம். எடை கூடுதலான 26 பேர், தினம் 42.5 கிராம், நாலு வாரம். இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாத நிலை) குறைந்தது. அங்கேயும் மொத்தக் கலோரியைக் கூட்டவில்லை.

2021, ஜார்ஜியா பல்கலைக்கழகம். 52 பேர், தினம் 68 கிராம், எட்டு வாரம். எல்டிஎல் 6 முதல் 9 சதவீதம் இறக்கம்.

மூன்றிலுமே ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பீக்கனை வைத்தார்கள். நான் சொன்னதுதான்.

அமெரிக்க உணவு மருந்துத் துறை 2003இல் கொட்டைப் பாக்கெட்டில் போட அனுமதித்த வாசகத்தையும் பாருங்கள். தினம் 42 கிராம் அளவில் பெரும்பாலான கொட்டைகள், நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால், இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று அறிவியல் சான்று "சுட்டுகிறது, ஆனால் நிரூபிக்கவில்லை." வக்கீல் வைத்து எழுதியது போல இருக்கும். அந்தப் பட்டியலில் பீக்கன் உண்டு, நிலக்கடலை உண்டு, முந்திரி கிடையாது. தீபாவளிக்கு முந்திரி கேக் வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்.

2024 அக்டோபர் 27

தப்பு. நேற்று எழுதியதில் ஜார்ஜியா ஆய்வைச் சுருக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன். அங்கே பீக்கன் தின்றவர்களில் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு "இருக்கிற சாப்பாட்டில் இந்தக் கலோரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இன்னொரு கூட்டத்துக்கு "வழக்கம்போல சாப்பிடுங்கள், இதை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். எல்டிஎல் இரண்டு கூட்டத்துக்குமே இறங்கியிருக்கிறது.

எனவே "கழித்தால்தான் கொலஸ்ட்ரால் இறங்கும்" என்று நான் அடித்துச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கழிக்காவிட்டால் பேன்ட் பொத்தான் போடுவது கஷ்டம் என்பதை மட்டும் என் சொந்தப் பொறுப்பில் விட்டுவைக்கிறேன்.

அப்படியானால் எனக்கு ஏன் 148 வெறும் 144 ஆக நின்றது? தெரியவில்லை.

2024 அக்டோபர் 28

தெரிந்துவிட்டது. மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள்.

"அந்த மூணு மாசமும் அதை எதுல வறுத்தீங்கன்னு எழுதினீங்களா?"

நெய். இரண்டு ஸ்பூன் நெய், உப்பு, மிளகாய்த்தூள், கருவேப்பிலை. முந்திரி வறுவல் போல. அதை எழுத மறந்துவிட்டேன் என்பது கொஞ்சம் பொய், எழுத மனம் வரவில்லை. இரண்டாவது தடவை பச்சையாகத் தின்றேன், மிக்சரை நிறுத்தினேன், நெய்யும் நின்றது, அந்த வசந்தத்தில் சாயங்கால நடையும் ஆரம்பித்திருந்தேன். 129க்கு யார் காரணம் என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாராட்டு முழுவதையும் பீக்கனுக்குக் கொடுத்திருந்தேன்.

வறுக்க வேண்டும் என்றால் எண்ணெய் தேவையே இல்லை. அதற்குள்ளேயே நூற்றுக்கு எழுபது எண்ணெய். வெறும் வாணலியில் சின்னத் தீயில் நாலைந்து நிமிடம், வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள். வாசனை வந்து ஒரு நிமிடம் தாண்டினால் கருகிக் கசந்துவிடும்.

2024 நவம்பர் 9

அறுவடை. இந்த வருடம் இரண்டு மரமும் காய்த்துக் கொட்டுகிறது. மேல்தோடு நாலாகப் பிளந்து, கொட்டை தானாக விழும். பெரிய தோப்புகளில் மரத்தை இயந்திரக் கை பிடித்து உலுக்கும், நொடியில் மழை மாதிரி கொட்டும். என்னிடம் இருப்பது மூங்கில் கழியும், நூறு டாலர் பேரத்தில் வந்து பத்து நிமிடத்தில் காணாமல் போகும் மகனும்.

கொட்டை வாங்குகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

விழுந்த அன்றே தின்னாதீர்கள். ஈரம் இருக்கும், பருப்பு ரப்பர் மாதிரி வளையும், நாக்கில் துவர்க்கும். நிழலில் காற்றாடக் கொட்டி இரண்டு வாரம் உலர்த்த வேண்டும். பருப்பை வளைத்தால் "டக்" என்று ஒடிய வேண்டும். அதுதான் பதம்.

ஓட்டில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கம்பாஸ் வைத்து வரைந்தது போல வட்ட ஓட்டை இருந்தால் உள்ளே இருந்த புழு தின்று முடித்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். ஓட்டை இல்லாமல் எடை மட்டும் லேசாக இருந்தால், அது இன்னும் குடியிருக்கலாம்.

அணில்கள் வேறு. இந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது, ராமர் தடவிக்கொடுக்காத ஜாதி. பாலம் கட்ட ஒரு கல் எடுத்துப் போடாது. கடித்துப் பாதியில் வீசியதைப் பொறுக்குவதற்கு மட்டும் நான்.

நாட்டு மரத்துக் கொட்டையை வீட்டில் உடைத்துக் கட்டை விரல் நகம் போனது. அதனால் மூட்டை கட்டித் தீவனக் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன். அங்கே சீசனில் உடைக்கும் இயந்திரம் வைத்திருப்பார்கள். உடைத்து, காற்று ஊதி ஓட்டைப் பிரித்துக் கொடுக்கும், பவுண்டுக்கு இத்தனை காசு என்று கூலி. முழுசாகப் பிரியாது, இரவு டிவி முன்னால் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். பருப்பின் பள்ளத்தில் சிவப்பாகத் தக்கை போல ஒன்று ஒட்டியிருக்கும், அதை விட்டுவிட்டால் ஒரே ஒரு துண்டு போதும், வாயே மடிந்துவிடும். துவர்ப்பென்றால் சப்போட்டாப் பிஞ்சைக் கடித்த துவர்ப்பு.

2024 நவம்பர் 9, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். நிறைவுறாக் கொழுப்பு அதிகம் என்று மேலே புகழ்ந்தேன் அல்லவா, அதுவேதான் இதன் தலைவலியும். வெளியில் வைத்தால் சிக்கு வாடை அடித்துவிடும். உடைத்த பருப்பு சமையலறை அலமாரியில் இரண்டு மாதம் தாண்டினால் நான் நம்பமாட்டேன். ஃப்ரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்பது மாதம் வரை, ஃப்ரீசரில் இரண்டு வருடம் வரை நிற்கும். டப்பா இறுக்கமாக இல்லாவிட்டால் பக்கத்து வெங்காய வாடையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை எங்கள் வீட்டுப் பீக்கன் மீன் குழம்பு வாசனை அடித்தது.

ஊருக்குக் கொண்டுபோனதில் பாதி இப்படித்தான் கெட்டது. சித்தப்பா மே மாதம் போனில், "நல்லாத்தான் இருக்கு, பழைய நல்லெண்ணெய் மாதிரி ஒரு காறல்" என்றார். தூக்கிப் போடச் சொன்னேன். அமெரிக்காவிலிருந்து வந்ததைத் தூக்கிப் போட மனமில்லாமல் தின்று முடித்துவிட்டார். பூஞ்சை பிடித்ததை மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கொட்டுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். நல்ல பீக்கனே நாய்க்கு ஆகாது.

2024 நவம்பர் 10

கேள்வியில் இருந்த 17,940ஐ நான் தொடவே இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அது பொய் எண் அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் பழைய அட்டவணையில் 100 கிராம் பீக்கனுக்கு அந்த மதிப்பு இருந்தது, கொட்டைகளில் அதுதான் முதலிடம். ஆனால் அது சோதனைக் குழாய்க் கணக்கு. குழாய்க்குள் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்கும் என்று சொல்ல முடியாது, விளம்பரக்காரர்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அந்தத் துறையே அட்டவணையை எடுத்துவிட்டது. எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் குடும்பக் குழுக்களில் அது ரிட்டயர் ஆகவில்லை.

வைட்டமின் ஈ விஷயமும் இதே ரகம். பீக்கனில் அது நிறைய என்றும் ஃபார்வர்டு வரும், லேபிளில் பார்த்தால் கொஞ்சம்தான் என்றும் இருக்கும். இரண்டும் சரி. 100 கிராமில் காமா வகை 24 மில்லிகிராம், ஆல்ஃபா வகை 1.4 மில்லிகிராம். லேபிள் ஆல்ஃபாவை மட்டும்தான் எண்ணும், ஏனென்றால் கல்லீரல் பொறுக்கி எடுத்து ரத்தத்தில் அனுப்புவது அதைத்தான்.

2024 நவம்பர் 29

நேற்று நன்றி நவிலல் (தாங்க்ஸ்கிவிங்) விருந்து. மூன்று வீட்டில் மூன்று பீக்கன் பை (கேக் மாதிரி ஒரு இனிப்பு). அதைத் தின்றுவிட்டு "கொட்டைதானே, இதயத்துக்கு நல்லது" என்று ஒரு நண்பர் என் இழையையே எனக்கு மேற்கோள் காட்டினார். ஐயா, ஒரு துண்டு 500 கலோரி. மேலே தெரிகிற ஒரு வரிசைதான் பீக்கன், கீழே முழுக்கச் சோளப் பாகும் சர்க்கரையும் வெண்ணெயும்.

அம்மா இந்தக் குளிர்காலம் இங்கே இருக்கிறாள். கோவில்பட்டிக்காரி. இந்த ஊர் மெக்சிக்கன் ஓட்டல்களில் கல்லாப்பெட்டி பக்கத்தில் பீக்கன் மிட்டாய் அடுக்கி வைத்திருப்பார்கள், பிரலின் என்று பெயர். வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தாள். "பாகுப் பதம் தப்பு" என்றாள். மறுநாள் வெல்லம் காய்ச்சி, உருட்டுப் பதம் பார்த்து, பீக்கனை உடைத்துப் போட்டுத் தட்டிவிட்டாள். கடலை மிட்டாய் போலக் கடகடவென்று வரவில்லை. பீக்கன் மெத்தென்று இருப்பதால் பாகு மட்டும் கடினம், உள்ளே மெதுக். "கடலை மாதிரி வராதுடா. இது பணக்கார வீட்டுப் பிள்ளை, நோகாம வளர்ந்திருக்கு."

அந்த மெதுக்குத்தான் அவளுக்கு வசதி. மேல் பல்செட். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்தால்தான் தின்ன முடியும், பீக்கனை அப்படியே மென்றுவிடுகிறாள். வயதானவர்களுக்கு வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊட்டச்சத்து அட்டவணையிலும் இது வராது.

அதற்கப்புறம் துவையல் அரைத்தாள். வறுத்த பீக்கன் ஒரு கை, மிளகாய் வற்றல் நாலு, புளி, பூண்டு இரண்டு பல், உப்பு. தேங்காய் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், அரைக்கும்போதே விடும். சூடான சோற்றுக்கு இதுதான் இந்த மரத்தின் உச்சம் என்பேன். பச்சையாகத் தின்பது உடம்புக்கு நல்லது என்று மேலே எழுதியவன் வேறு ஆள்.

2024 டிசம்பர் 8

இது சிரிக்க அல்ல. நேற்று ஒரு விருந்துக்கு அம்மாவின் மிட்டாயை எடுத்துப்போனேன். ஒரு பையனுக்கு வால்நட் ஒவ்வாமை என்று தெரியும். "இது வால்நட் இல்லை, பீக்கன்" என்று நானே தட்டை நீட்டினேன். அவன் அம்மா ஓடிவந்து பிடுங்கினார். நல்லவேளை, வாயில் போகவில்லை.

வால்நட்டும் பீக்கனும் ஒரே குடும்பம், புரதமும் ஏறக்குறைய ஒரே சாயல். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. நிலக்கடலை ஒவ்வாமை தனி, அது பயறு இனம். கொட்டை ஒவ்வாமை உள்ள வீட்டில் இதைச் சோதித்துப் பார்ப்பது டாக்டர் முன்னால்தான். நாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு முழுப் பருப்பே கொடுக்காதீர்கள், மூச்சுக் குழலில் போய்விடும். இத்தனை நாள் கொலஸ்ட்ரால், மாங்கனீஸ் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது இது.

2025 ஜனவரி 31

தலைப்பை விட்டு விலகுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள். 1938இல் இதே நாள், இதே ஊர். சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் பீக்கன் உடைத்துப் பருப்பெடுத்த தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர், பெரும்பாலும் மெக்சிக்க அமெரிக்கப் பெண்கள். பவுண்டுக்கு ஆறேழு சென்ட் கூலி, அதையும் குறைத்ததால் வந்த வேலைநிறுத்தம். காற்றோட்டமில்லாத கொட்டகைகளில் நாள் முழுக்க பீக்கன் தூசி. காசநோய் இந்த ஊரில் மிக மோசமாக இருந்த காலம். முன்னால் நின்றவர் எம்மா டெனாயூக்கா, 21 வயது. கூலி கொஞ்சம் ஏறியது. அதே வருடம் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததும் முதலாளிகள் இயந்திரத்தை இறக்கி ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிவகாசியில் சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டிய என் பெரியம்மாவுக்குப் போனில் இதைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அவுக நுரையீரல் என்னாச்சு?"

இன்னொரு பெயரும் சொல்லிவிடுகிறேன். ஒட்டு மரம் என்று சுலபமாக எழுதினேன். பீக்கனை விதை போட்டால் தாய் மாதிரி வராது, ஒட்டுக் கட்டினால்தான் ரகம் நிற்கும். லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் 1840களில் அதைச் செய்து காட்டியவர் அந்துவான் என்கிற அடிமைத் தோட்டக்காரர். பதினாறு மரம். அந்த ரகம் 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் பரிசு வாங்கியது. அவர் பெயரில் முதல் பாதி மட்டும்தான் ஏட்டில் இருக்கிறது.

2025 பிப்ரவரி 16

இந்தியாவில் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: கிடைக்கிறது, விலைதான். 2023இல் இறக்குமதி வரியை 100 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறைத்தார்கள், பீக்கன் விளைவிக்கும் ஜார்ஜியாக்காரர்கள் விழா எடுக்காத குறை. இருந்தாலும் கடல் தாண்டி வந்த பீக்கனை வாங்கி மாமனாருக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை. அந்த உணவு மருந்துத் துறைப் பட்டியலில் நிலக்கடலையும் இருக்கிறது என்று சொன்னேனே. கோவில்பட்டிச் செம்மண் கடலையை அவித்துக் கொடுங்கள். என் கொல்லையில் கடலை விளைந்திருந்தால் நான் பீக்கன் பக்கமே போயிருக்க மாட்டேன்.

2025 பிப்ரவரி 17

நேற்று எழுதியதில் ஒரு சறுக்கல். கரிசலைச் செம்மண் ஆக்கிவிட்டேன். கோவில்பட்டி கரிசல் காடு. அம்மா இரண்டு மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

2025 செப்டம்பர் 6

புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். 138 பேர், 12 வாரம். பாதிப் பேர் வழக்கமான நொறுக்குத் தீனிக்குப் பதிலாக தினம் 57 கிராம் பீக்கன். எல்டிஎல் இறங்கியது. ரத்தக் குழாயின் செயல்பாட்டையும் அளந்தார்கள், அதில் மாற்றமில்லை. மாற்றமில்லை என்பதையும் சேர்த்தே வெளியிட்டிருப்பதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடுகிறது. இந்த ஆய்வுகளுக்குப் பணம் பெரும்பாலும் பீக்கன் விவசாயிகளின் அமைப்புகளிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனாலேயே பொய் ஆகிவிடாது. ஆனால் கொய்யாவுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லாததால் கொய்யா இந்தப் பந்தயத்தில் ஓடவே இல்லை.

57 கிராம் என்றால் கிட்டத்தட்ட 400 கலோரி, மூன்று தோசை. நொறுக்குத் தீனியை எடுத்துவிட்டு வைத்தார்கள் என்பதைத் திரும்பவும் படியுங்கள். ஒரு வருடமாக நான் வாபஸ் வாங்கிய கட்சி பாதி உயிரோடு திரும்பி வருகிறது.

2025 நவம்பர் 15

கேள்வி கேட்டவர் தனிமடலில் எழுதியிருந்தார். மாமனார் மாத்திரையை விடவில்லையாம். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் அவித்த கடலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஜ்ஜி.

என் மரங்களைக் கேட்டால், இந்த வருடம் ஓய்வு. பீக்கன் மாமரம் மாதிரி, ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் கையை விரிக்கும். நாட்டு மரத்தில் இருந்த கொஞ்சத்தையும் கோடில்லாத அணில்கள் பச்சையிலேயே முடித்துவிட்டன. போன மாதம் எல்டிஎல் 126. மிக்சர் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. நெய் டப்பாவை மனைவி எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஃப்ரீசரில் போன வருடத்துப் பருப்பு ஒன்றரைப் பை இருக்கிறது. அம்மா ஜனவரியில் வருகிறாள், அதற்குள் தின்றுவிடாமல் துவையலுக்கு ஒரு பையாவது மிச்சம் வைக்கும்படி உத்தரவு.